ஏன் எங்களுக்கு? – லிஸ்பன் நகரின் அழிவைப் பற்றிய ஒரு கவிதையை விளங்கிக்கொள்வோம்

வெள்ளம் வடிந்த பின்னர் வீட்டைப் பார்க்கப் போனவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். முதலில் கண்ணீர் வருவதில்லை. சேறு படிந்த விதைநெல் மூடைக்குள் கையை விட்டு, முளைத்துவிட்டதா, அவிந்துவிட்டதா என்று மணந்து பார்க்கிறோம். ஆடு கட்டிய கட்டையில் கயிறு மட்டும் கிடக்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறது. அதற்குப் பின்னர்தான் அந்தக் கேள்வி வருகிறது: "ஏன் எங்களுக்கு?"

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல ஆட்கள் குறைவில்லை. "எல்லாம் தலைவிதி" என்பார் ஒருவர். "நாங்கள் செய்த பாவம்" என்பார் இன்னொருவர். "எல்லாம் நன்மைக்கே, இதற்குள்ளும் ஏதோ நல்லது இருக்கும்" என்பார் மூன்றாமவர். பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்த நாட்களில் இவை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறோம். சொன்னவர்களில் பலர் நல்ல மனத்துடன்தான் சொன்னார்கள். ஆனால் கேட்ட எமக்கு ஆறுதல் கிடைத்ததா?

இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னரும் இதே மறுமொழிகள் ஒரு நாட்டு மக்களுக்குச் சொல்லப்பட்டன. அவற்றை ஏற்க மறுத்து ஒருவர் நீண்ட கவிதை ஒன்றை எழுதினார். அந்தக் கவிதையைப் பற்றியே இம்முறை கதைக்க விரும்புகிறோம். அது பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. ஆனால் அது கேட்கும் கேள்வி எமது கேள்வி.

அன்று நடந்தது

போர்த்துக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பன். போர்த்துக்கேயர் எமக்கு அந்நியர் அல்லர். 1505இல் இத்தீவுக்கு வந்து, 1658 வரை கரையோரங்களில் இருந்தவர்கள். நாம் வீட்டில் சொல்லும் கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை என்ற சொற்கள் அவர்கள் விட்டுப்போனவை. அந்தச் சொற்கள் பிறந்த நாட்டில், 1755ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆம் திகதி, சனிக்கிழமை காலை சுமார் ஒன்பதரை மணிக்கு நிலம் நடுங்கியது.

அன்று சகல புனிதர் திருநாள். ஆலயங்கள் மக்களால் நிறைந்திருந்தன. பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. சில நிமிட நேரம் நீடித்த நடுக்கத்தில் ஆலயக் கூரைகள் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன. தப்பியவர்கள் இடிபாடுகளுக்கு அஞ்சி, தேஜோ ஆற்றங்கரை வெளிக்கு ஓடினார்கள். திறந்த வெளிதானே, அங்கே தலையில் விழ எதுவும் இல்லை என்று நினைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் தண்ணீர் உள்வாங்கி, பின்பு மலைபோல் எழுந்து வந்தது. அதே வேளையில் விழுந்த மெழுகுதிரிகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் தீ பற்றியது. அது ஐந்து ஆறு நாட்கள் எரிந்தது.

நிலம், நீர், நெருப்பு என்று மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு ஒரே கணக்கு இல்லை. பத்தாயிரம் முதல் அறுபதாயிரம் வரை மதிப்பிடுகிறார்கள். பெரிய அரச மருத்துவமனை நோயாளருடன் அழிந்தது. அரண்மனையும் அதன் நூலகமும் போயின. அரசர் ஜோசே குடும்பத்துடன் நகருக்கு வெளியே இருந்தபடியால் தப்பினார். ஆனால் அதன் பின்னர் கல் வீட்டில் உறங்க அவருக்கு மனம் வரவில்லை. நெடுங்காலம் பலகையால் கட்டிய கொட்டிலில்தான் அரசாண்டார்.

அழிவு நகரத்தோடு நிற்கவில்லை. தெற்கே அல்கார்வே கரையோரத்து ஊர்களும், கடலுக்கு அப்பால் மொரோக்கோவும் பெரும் சேதம் அடைந்தன. இந்த நிலநடுக்கம் போர்த்துக்கலுக்குத் தென்மேற்கே அத்திலாந்திக் கடலின் அடியில், ஆபிரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் நெருக்குப்படும் பகுதியில் உண்டானது என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. அன்று அதை அறிந்தவர் எவரும் இல்லை.

கவிதையை எழுதியவர்

எழுதியவர் வோல்தேர் என்ற பிரெஞ்சு அறிஞர். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. ஜெனீவா நகரின் அருகே வசதியான வீட்டில் வாழ்ந்தார். லிஸ்பன் நகரை அவர் தம் கண்ணால் காணவில்லை. நவம்பர் மாதக் கடைசியில்தான் செய்தி அவருக்கு எட்டியது. சில வாரங்களில் கவிதையை எழுதத் தொடங்கினார். 1756இல் அது அச்சாகியது. இருநூறுக்கும் மேற்பட்ட வரிகள், இரண்டிரண்டு வரியாக எதுகைபோல ஓசை பொருந்தி வருபவை.

தலைப்பிலேயே அவர் தமது நோக்கத்தைச் சொல்லிவிடுகிறார். இது லிஸ்பன் பேரழிவைப் பற்றிய கவிதை. அத்துடன் "எல்லாம் நன்றே" என்ற கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் கவிதை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் அக்கொள்கை பெருமதிப்புப் பெற்றிருந்தது. ஜேர்மனியரான லைப்னிஸ், ஆங்கிலக் கவிஞர் போப் ஆகியோரின் நூல்களில் அது வேர்விட்டிருந்தது. கடவுள் நல்லவர், ஆகவே அவர் படைத்த உலகம் இயன்றவற்றுள் சிறந்தது. எமக்குத் தீமையாகத் தெரிவது முழுமையாகப் பார்த்தால் நன்மையின் ஒரு பகுதியே என்பது அதன் சாரம். மனம் குளிர்ந்திருக்கும் நாளில் இது நல்ல தத்துவம்தான். இடிபாட்டின் மேல் நின்று இதைச் சொல்லலாமா என்பதே வோல்தேரின் கேள்வி.

கவிதையை எப்படி வாசிப்பது?

ஒரு கவிதையைப் புரிந்துகொள்ள முதலில் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். யார் பேசுகிறார்? யாரை நோக்கிப் பேசுகிறார்? இந்தக் கவிதையில் பேசுபவர் இழந்தவர் அல்லர். இழந்தவருக்காகக் குரல் எழுப்புபவர். அவர் பேசுவது இழந்தவர்களோடும் அல்ல. தூரத்தில் பாதுகாப்பாக இருந்துகொண்டு விளக்கம் சொல்லும் அறிஞர்களோடு. "எல்லாம் நன்றே என்பவர்களே, வந்து பாருங்கள்" என்ற அழைப்போடு கவிதை நடக்கிறது. நொறுங்கிய கற்களையும், அவற்றின் கீழ்க் கிடக்கும் தாய்மாரையும் பிள்ளைகளையும் காட்டுகிறார். முதலில் கண்ணால் பார், பிறகு கருத்துச் சொல் என்பதே அவரது முறை.

அடுத்து அவர் மறுமொழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். இது கடவுளின் தண்டனை என்று சொல்பவரிடம், தாயின் மார்போடு நசுங்கிய குழந்தை செய்த குற்றம் என்ன என்று கேட்கிறார். பாரிசும் லண்டனும் லிஸ்பனைவிடப் புனிதமான நகரங்களா, அவை ஏன் விழவில்லை என்று கேட்கிறார். இது இயற்கையின் மாறாத விதி என்பவரிடம், அப்படியானால் ஆளில்லாப் பாலைவனத்தில் இது நடந்திருக்கக் கூடாதா என்கிறார். நான் ஆணவத்தால் கேட்கவில்லை, நோவினால் கேட்கிறேன் என்ற தொனி இவ்விடத்தில் கேட்கிறது.

கவிதையின் நடுப்பகுதியில் நான்கு வழிகளை வரிசையாக வைக்கிறார். மனிதன் பிறப்பிலேயே குற்றவாளி, ஆகவே கடவுள் தண்டிக்கிறார். அல்லது கடவுள் கோபமோ இரக்கமோ இன்றிச் சும்மா பார்த்திருக்கிறார். அல்லது உலகம் ஆன பொருளே குறையுள்ளது. அல்லது இவ்வாழ்வு ஒரு சோதனை, ஒரு வழிப்பயணம். நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதுவும் என் மனத்தை நிறைக்கவில்லை, எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். கவிதையின் பலம் இந்த ஒப்புதலில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பெரிய அறிஞர் ஒருவர் "எனக்கு மறுமொழி தெரியாது" என்று எழுதியது அன்றைக்குச் சாதாரண விடயம் அல்ல.

கவிதைக்கு அவர் எழுதிய முன்னுரையில் வரும் ஒரு கருத்தை இடம்பெயர்ந்தோர் யாவரும் அறிந்திருக்க வேண்டும். தப்பிப் பிழைத்த மக்களிடம் ஓர் அறிஞர் போய், "கவலை வேண்டாம், இறந்தவர்களின் வாரிசுகளுக்குச் சொத்துச் சேரும், வீடு திரும்பக் கட்டுவதால் கொத்தனாருக்கு வேலை கிடைக்கும், உங்கள் துன்பம் பொது நன்மையின் ஒரு பங்கு" என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். நிலநடுக்கம் எவ்வளவு கொடியதோ அவ்வளவு கொடியது அந்தப் பேச்சு என்பது அவரது முடிவு. அழிவைத் தொடர்ந்து "அபிவிருத்திக்கு நல்ல சந்தர்ப்பம்" என்று எவராவது எம்மிடம் சொல்லும்போது இந்த முன்னுரை நினைவுக்கு வர வேண்டும்.

தண்டனை என்ற பேச்சு

பேரழிவைத் தண்டனையாகக் காண்பது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. எமது மணிமேகலையிலும் புகார் நகரைக் கடல் கொண்டது. பிள்ளையை இழந்த துயரத்தில் அரசன் இந்திர விழாவை எடுக்க மறந்தான், அதனால் நகரம் அழிந்தது என்று அக்காப்பியம் காரணம் காட்டுகிறது. மறந்தவன் அரசன். கடல் கொண்டதோ முழு நகரத்தையும்.

லிஸ்பனில் இந்தப் பேச்சைப் பலமாகப் பேசியவர் மலக்ரீடா என்ற வயது முதிர்ந்த குருவானவர். 1756இல் அவர் வெளியிட்ட சிறு நூலில், இது மக்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை, கட்டிடம் கட்டுவதை விட்டுத் தவத்தில் ஈடுபடுங்கள் என்று எழுதினார். மீள்கட்டுமானத்தை நடத்திய அமைச்சர் கர்வாலோ – பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று அழைக்கப்பட்டவர் – அவரை நகரை விட்டு வெளியேற்றினார். 1761இல் அம்முதியவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அவர் சொன்னது தவறு என்றாலும், அவருக்குச் செய்யப்பட்டது அதைவிடப் பெரிய தவறு. பேரழிவின் பின்னர் அதிகாரம் ஒரு கையில் சேர்வதும் ஓர் ஆபத்து என்பதை இது காட்டுகிறது.

இந்தத் தண்டனைப் பேச்சுக்கு மறைநூலிலேயே மறுப்பு இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி இயேசு கதைத்தபோது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். யோபுவின் நண்பர்களும் "நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும்" என்று விடாமல் வாதாடினார்கள். நூலின் முடிவில் கண்டிக்கப்பட்டவர்கள் அந்த நண்பர்களே, யோபு அல்ல. ஆகவே, முகாமில் பாய் விரித்துக் கிடக்கும் தாய் ஒருத்தி "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்டால், "நீ செய்யவில்லை அம்மா" என்று துணிந்து சொல்லலாம்.

ரூசோவின் மறுமொழி

கவிதை வெளிவந்த அதே ஆண்டு, 1756 ஆகஸ்ட் 18ஆம் திகதி, ரூசோ என்ற இன்னோர் அறிஞர் வோல்தேருக்கு நீண்ட கடிதம் எழுதினார். கடவுளைக் குறை சொல்ல முன்னர் எம்மைப் பார்ப்போம் என்றார் அவர். ஆறு மாடி, ஏழு மாடி வீடுகளை இருபதினாயிரக் கணக்கில் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையா? மக்கள் பரவலாக, பாரம் குறைந்த வீடுகளில் வாழ்ந்திருந்தால் சேதம் எவ்வளவு குறைந்திருக்கும்? முதல் நடுக்கத்துடன் வெளியே ஓடாமல் உடுப்பையும் பத்திரத்தையும் பணத்தையும் எடுக்கத் திரும்பிப் போய் இறந்தவர் எத்தனை பேர்? பாலைவனத்திலும் நிலம் நடுங்குகிறது, அங்கே நகரத்துக் கனவான்கள் இல்லாதபடியால் எவரும் கதைப்பதில்லை என்றும் எழுதினார்.

இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். வசதியாக வாழும் நீர் உலகில் தீமையையே காண்கிறீர். வறுமையிலும் நோயிலும் கிடக்கும் நான் நம்பிக்கையோடு இருக்கிறேன் என்றார். இது யோசிக்க வேண்டிய பேச்சு. ஏழைகளுக்கு எப்போதும் அழுகை மட்டுமே உண்டு என்று எழுதுபவர்கள் ஏழைகளை முழுமையாக அறிந்தவர்கள் அல்லர்.

எமது பார்வை

இருவரில் யார் சரி? ரூசோவின் கடிதத்தில் பெரிய உண்மை ஒன்று உண்டு. நடுக்கமும் மழையும் காற்றும் இயற்கை. அவை எத்தனை உயிரைக் கொள்கின்றன என்பதில் மனிதர் செய்தவையும் செய்யாதவையும் சேர்ந்திருக்கின்றன. தூர்வாராத வாய்க்கால், பழுது பார்க்காத குளக்கட்டு, காடு வெட்டிய மலைச்சரிவு, உரிய நேரத்தில் வராத எச்சரிக்கை – இவை எதுவும் விதி அல்ல. விதி என்று சொல்லிவிட்டால், கேட்க வேண்டியவரிடம் கேட்க மாட்டோம்.

ஆனால் ரூசோ ஒரு கேள்வியைத் தவறவிட்டார். அந்த இடத்தில், அந்த வீட்டில் வாழ வேண்டும் என்று தீர்மானித்தது யார்? பள்ளக் காணியில் குடிசை போட்டவர் மேட்டுக் காணியை வேண்டாம் என்று சொன்னவர் அல்லர். அவருக்குக் கிடைத்த காணி அதுதான். உறுதிப்பத்திரத்தை எடுக்கத் திரும்பி ஓடியவரை மூடர் என்று சொல்வது சுலபம். உறுதி இல்லாவிட்டால் காணியே இல்லை என்ற நிலையை அவர் உண்டாக்கவில்லை. "மனிதர் தவறு" என்று பொதுவாகச் சொல்லும்போது, அந்தத் தவறு இழந்தவரின் தலையிலேயே வந்து விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, முதல் நாட்களுக்கு வோல்தேர் வேண்டும். அழுபவரை அழ விட வேண்டும். விளக்கம் சொல்லி வாயை அடைக்கக் கூடாது. பின்வரும் மாதங்களுக்கு ரூசோ வேண்டும். அடுத்த மழைக்கு முன்னர் எதை மாற்றலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். முதலாவதைத் தாண்டி இரண்டாவதற்கு ஓடினால் மனம் உடைந்துபோகும். முதலாவதிலேயே நின்றுவிட்டால் அடுத்த வெள்ளமும் அதே வீட்டைக் கொண்டுபோகும்.

ஒரு கேள்விக் கடிதம்

அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது லிஸ்பனில் வேலை நடந்தது. பிணங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. தானிய விலை ஏறாமல் கட்டுப்படுத்தப்பட்டது. எண்பது வயதை நெருங்கிய பொறியியலாளர் மானுவேல் ட மாயா புதிய நகருக்கான திட்டங்களை வரைந்தார். அகன்ற தெருக்கள் வகுக்கப்பட்டன. சுவருக்குள் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிக் கூண்டுபோல் அமைத்து, நடுக்கத்தில் வளைந்து கொடுக்கும் வீடுகளைக் கட்டினார்கள். கிடுகு வேலியும் வரிச்சும் கட்டத் தெரிந்த எமது மக்களுக்கு அந்தத் தத்துவம் இலகுவில் விளங்கும். வளையும் மரம் பிழைக்கும், விறைத்த கல் உடையும்.

அமைச்சர் செய்த இன்னொரு காரியம் எமக்கு மிகவும் பயனுள்ளது. 1756ஆம் ஆண்டு தொடக்கத்தில் நாட்டின் பங்குகளுக்கெல்லாம் ஒரு கேள்விக் கடிதம் அனுப்பப்பட்டது. நடுக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை வீடு விழுந்தது, எத்தனை பேர் இறந்தனர்? கடல் முதலில் ஏறியதா இறங்கியதா? நிலம் வெடித்ததா? ஊற்றுகளிலும் கிணறுகளிலும் மாற்றம் உண்டா? தீ பரவியதா? பங்குத்தந்தையர் தம் ஊர் மக்களிடம் விசாரித்து மறுமொழி எழுதினார்கள். அந்த ஏடுகள் லிஸ்பன் சுவடிச்சாலையில் இன்றும் உள்ளன. நிலநடுக்கத்தை ஆராய்பவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

இக்கேள்விகளில் "ஏன் கடவுள் இதைச் செய்தார்?" என்பது இல்லை. "என்ன நடந்தது?" என்பது மட்டுமே இருக்கிறது. ஊர்க் கிழவர் சொன்ன சிறு தகவல் – முதலில் தண்ணீர் உள்வாங்கியது என்பது – பிற்காலத்தில் உயிர் காக்கும் அறிவாகிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி எமது கரையோரங்களில் கடல் உள்வாங்கியபோது, அதன் பொருள் தெரியாமல் பார்க்கப் போனவர்கள் திரும்பவில்லை. எழுதி வைத்திருந்த அறிவு எமது ஊர்களுக்கு வந்து சேராமல் இருந்தது.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பி வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது, சுவரில் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, எந்த வயல் மணலால் மூடியது, எந்தக் கிணறு உவர்த்தது, என்னென்ன இழந்தோம் – எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத முடியாத முதியவர் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். கிராம அலுவலரிடம் நட்டஈடு கேட்கும்போது அது உதவும். பேரப்பிள்ளைகள் வீடு கட்ட இடம் பார்க்கும்போது இன்னும் கூடுதலாக உதவும்.

கவிதையின் முடிவு

இருண்ட கேள்விகளால் நிறைந்த இந்தக் கவிதை எப்படி முடிகிறது? முதலில் அவர் எழுதிய முடிவு, துன்பப்படு, பணிந்து இரு, இறந்துபோ என்பதற்கு மேல் அதிகம் சொல்லவில்லை. பின்னர் அதை நீட்டினார். சாகும் தறுவாயில் ஓர் அரசன், கடவுளிடம் இல்லாத சில பொருட்களைத் தான் காணிக்கையாகக் கொண்டுவருவதாகச் சொல்கிறான். தன் குறைகள், தன் வருத்தங்கள், தன் அறியாமை ஆகியவையே அவை. அவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்த்திருக்கலாமே என்று கவிஞர் சொல்லி முடிக்கிறார். அது நம்பிக்கை.

இந்த நம்பிக்கை "எல்லாம் நன்றே" என்ற பழைய பேச்சு அல்ல. இன்றைய நிலையே நல்லது என்று சாதிப்பதையும், நாளை நன்றாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதையும் கவிஞர் வேறு வேறாகப் பிரித்து வைக்கிறார். முதலாவதை ஏமாற்று என்று தள்ளுகிறார். இரண்டாவதை வைத்துக்கொள்கிறார்.

மூன்று ஆண்டுகளின் பின்னர், 1759இல், அவர் "கான்டீட்" என்ற கதையை வெளியிட்டார். அதில் வரும் இளைஞனும் லிஸ்பன் நடுக்கத்தில் அகப்படுகிறான். "எல்லாம் நன்றே" என்று ஓயாமல் போதிக்கும் ஆசிரியர் ஒருவர் அவன் கூடவே வருகிறார். உலகமெல்லாம் அலைந்து, எல்லாம் இழந்து, கடைசியில் அவர்கள் ஒரு சிறு காணியில் குடியேறுகிறார்கள். ஆசிரியர் அங்கேயும் விளக்கம் சொல்லத் தொடங்குகிறார். இளைஞன் மறுத்து வாதாடவில்லை. தோட்டத்து வேலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறான். கதை அதோடு முடிகிறது.

காணியை விட்டு வந்த எமக்கு அந்த முடிவின் அருமை தெரியும். சிலருக்குத் திரும்பிப் போகக் காணி இருக்கிறது. சிலருக்கு இன்னும் இல்லை. ஆனால் நலன்புரி நிலையத்தில் தறப்பாள் கொட்டிலின் பக்கத்தில், குளிக்கும் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில், நாலு மிளகாய்க் கன்றும் ஒரு பயற்றங்கொடியும் வைத்திருப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். "ஏன் எங்களுக்கு?" என்ற கேள்விக்கு அந்தப் பயற்றங்கொடி மறுமொழி சொல்லாது. அந்தக் கேள்வியோடு நாளைக் காலை எழும்பி நடக்க அது ஒரு காரணம் தரும்.

கூடிப் பேசுவதற்கு

1. அழிவின் பின்னர் உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் வார்த்தைகளில் எது உதவியது? எது நோகச் செய்தது?

2. உங்கள் இழப்பில் இயற்கையின் பங்கு எவ்வளவு? மனிதர் செய்தது, செய்யாமல் விட்டது எவ்வளவு? அதை யாரிடம், எப்படிக் கேட்கலாம்?

3. உங்கள் ஊரில் முன்னைய வெள்ளத்தையும் புயலையும் நினைவில் வைத்திருக்கும் முதியவர் யார்? அவர் சொல்வதை எழுதி வைத்திருக்கிறீர்களா?

4. உங்கள் குடும்பக் கொப்பியின் முதல் வரி என்னவாக இருக்கும்?